வென்றது பாட்டி வேடமே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

மாம்ஸ் மேப்லி என்ற அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவைக் கலைஞரை அரை நூற்றாண்டு மேடையில் நிற்க வைத்தது வேடமா, வாக்கா? இதுதான் தலைப்பு. வாக்கே என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். நல்ல முழக்கம், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அந்த வாக்கைச் சொல்ல அந்தப் பெண்ணை யார் விட்டார்கள் என்ற கேள்வியின் பக்கமே அவர் போகவில்லை.

வடக்கு கரோலினாவில் பிரெவார்டு என்ற சிற்றூர். அங்கே 1890-களில் பிறந்தவர் லொரெட்டா மேரி எய்க்கன்; ‘அம்மா’ என்று பொருள்படும் மாம்ஸ் என்ற மேடைப் பெயர் பின்னால் வந்தது. தந்தை தன்னார்வத் தீயணைப்பு வீரர். தீயணைப்பு வண்டி வெடித்து இறந்துபோனார். பதின்ம வயதிலேயே ஊரைவிட்டுக் கிளம்பிய பெண், ஆட்டம், பாட்டு, சிரிப்பு என்று ஊர் ஊராகப் போகும் கறுப்பினக் கலைக்குழுக்களோடு சேர்ந்துகொண்டார். ஜாக் மேப்லி என்ற சக கலைஞரோடு கொஞ்ச காலம் உறவு இருந்தது. அது முறிந்தபோது பெயரை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் என்னிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டார், நான் அவர் பெயரையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

1920-களில் நியூயார்க் வந்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் இரவு விடுதிகளில் ஆடினார், பாடினார். அவற்றில் புகழ்பெற்றது காட்டன் கிளப். மேடையில் ஆடுகிறவர்கள் கறுப்பர்கள், மேசையில் அமர்ந்து குடிக்கிறவர்கள் வெள்ளையர்கள் என்ற ஏற்பாடு அங்கே. அப்படி ஓர் இடத்தில் ஓர் இளம் கறுப்பினப் பெண் நிமிர்ந்து நின்று உங்கள் சட்டம் அநியாயம் என்று சொல்லட்டும் பார்ப்போம். அடுத்த இரவு அவருக்கு மேடை இருக்குமா? வாக்கு இருந்தது நண்பரே, வாசல் இல்லை. வாசலைத் திறந்தது வேடம்.

அந்த வேடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தொளதொளவென்று பூப்போட்ட வீட்டு அங்கி. விளிம்பு தொங்கிப்போன தொப்பி. கணுக்காலில் சுருண்டு கிடக்கும் காலுறை. காலுக்குப் பெரிதான செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருவார். வாயில் பல் இருக்காது. ஈறை மென்றுகொண்டே அவையை ஒரு பார்வை பார்ப்பார். வாய் திறப்பதற்கு முன்பே அரங்கு சிரிக்கத் தொடங்கிவிடும். வாக்கே பிறக்காதபோது வந்த அந்தச் சிரிப்பை எதிரணி யார் கணக்கில் எழுதும்?

இந்தக் கிழவி வேடத்தை அவர் முதன்முதலில் போட்டபோது கிழவி அல்லர். இளம் வயதிலேயே போட்டுக்கொண்டார். உண்மையான முதுமை பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. இளமையே வேண்டாம் என்று விநாயகரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிய ஔவையின் கதை நமக்குத் தெரியும். ஔவைக்குக் கிடைத்தது வரம், கழற்ற முடியாது. மாம்ஸ் ஒவ்வோர் இரவும் கழற்றினார்.

கழற்றிய பிறகு யார் இருந்தார்? கச்சிதமாகத் தைத்த ஆண்கள் சூட்டும் தொப்பியும் அணிந்த ஒருவர். பெண்களை நேசித்தவர்; சக கலைஞர்களுக்கு அது தெரியும். மேடையை விட்டு இறங்கினால் அவர் ‘மிஸ்டர் மாம்ஸ்’ என்று நடனக் கலைஞர் நார்மா மில்லர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் மேடைக் கிழவி என்ன செய்வாள்? இளைஞர்களைத் துரத்துவாள். கிழவனால் எனக்கு ஆகக்கூடிய ஒரே காரியம் இளைஞன் ஒருவனிடமிருந்து சேதி கொண்டுவருவதுதான் என்பாள். வாக்கு உண்மையிலிருந்து பிறந்தது என்கிறார் நண்பர். எந்த உண்மையிலிருந்து ஐயா, இந்த வாக்கு பிறந்தது?

தன் சொந்தப் பாட்டியைப் பார்த்துத்தான் இந்தக் கிழவியை உருவாக்கினேன் என்று மாம்ஸே சொன்னாரே என்று மடக்கப் பார்த்தார்கள். மாதிரி உண்மையாக இருந்தால் வேடம் வேடமில்லை என்றாகிவிடுமா? அப்படியானால் உலகத்தில் எந்த நடிகருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

எதிரணி எறிந்த கற்களில் கனமானது ஒன்றுதான். வெள்ளையர் வீட்டு அடுக்களையில் உழைத்து, அவர்கள் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினத் தாதியை இளித்துக்கொண்டு நிற்கும் கேலிச் சித்திரமாக்கி நெடுங்காலம் விற்றார்கள். மாம்ஸும் அதையே அணிந்துகொண்டார், அது இழிவு என்றார்கள். கனமான கல்தான், ஆனால் விழுந்த இடம் தவறு. அந்தத் தாதிக்குப் பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமை ஒன்று உண்டு. மாம்ஸ் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அவையைப் பார்த்துப் பிள்ளைகளே என்றார். அமெரிக்க ஜனாதிபதிகளுக்கே புத்தி சொல்லிவிட்டு வந்ததாகக் கதை சொன்னார். ஐ.நா. சபைக்கும் ஜெனீவா மாநாட்டுக்கும் போய் வந்த கதைகள் இசைத்தட்டுகளாகவே வெளிவந்தன. 1962-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற இசையரங்கமான கார்னகி ஹாலில் அதே அங்கியோடு நின்றார்.

அவருடைய புகழ்பெற்ற சிக்னல் கதை ஒன்று உண்டு. தெற்கு கரோலினாவில் ஒரு சின்ன ஊர். காரில் போகும் மாம்ஸ் சிவப்பு விளக்கைத் தாண்டிவிடுகிறார். போலீஸ்காரர் ஓடி வந்து, விளக்கு தெரியவில்லையா என்று அதட்டுகிறார். தெரிந்தது என்கிறார் மாம்ஸ். பிறகு ஏன் போனாய்? வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பச்சைக்குப் போவதைப் பார்த்தேன், சிவப்பு எங்களுக்கென்று நினைத்துவிட்டேன்! பேருந்து இருக்கை, குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்த சட்டம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. கிழவி பாவம், விவரம் தெரியாமல் சொல்கிறாள் என்று சிரிக்கிறவர் சிரிக்கலாம். விவரம் தெரிந்தே சொல்கிறாள் என்று உள்ளுக்குள் மகிழ்கிறவர் மகிழலாம். இரண்டு பேரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்தது எது?

கடைசியாக அந்தப் பாட்டு. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், சுருக்கமாகச் சொல்கிறேன். 1969-இல், எழுபதைத் தாண்டிய வயதில், லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், கென்னடி சகோதரர்கள் ஆகியோரின் கொலைகளுக்கு இரங்கும் ‘ஆபிரகாம், மார்ட்டின் அண்ட் ஜான்’ பாடலைப் பதிவு செய்தார். அமெரிக்கப் பாடல் தரவரிசையில் 35-ஆம் இடம்வரை போனது. கேலி இல்லை, சிரிப்பு இல்லை, உண்மை மட்டுமே வென்றது பாருங்கள் என்கிறது எதிரணி. நான் கேட்டிருக்கிறேன். குரல் தடுமாறுகிறது, மூச்சு வாங்குகிறது. பயிற்சி பெற்ற பாடகி யாராவது அப்படிப் பாடினால் திரும்பப் பாடச் சொல்லியிருப்பார்கள். இங்கே ஏன் மனம் கசிகிறது? ஊரையே தன் பிள்ளை என்று அழைத்த கிழவி, செத்துப்போன பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழுகிறாள். பல ஆண்டுகள் அந்த அங்கிக்குள் நின்று சேர்த்த உரிமை அது.

அடுத்து வரும் எதிரணித் தலைவர் இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அந்த சிக்னல் கதையின் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். கச்சிதமான சூட்டோடு, பல் வரிசையோடு, முப்பது வயது மிஸ்டர் மாம்ஸ் அதை வெள்ளையர் நிறைந்த அரங்கில் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரை எந்த வாசல் வழியாக வெளியே அழைத்துப்போவீர்கள்?