கடலூர் மணலில் பாலைவன ஓட்டத்துக்குத் தயாராவது

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

மராத்தான் முடித்தவர்களும், ஆரோவில் செம்மண் பாதைகளில் ஓடிப் பழகியவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்தது பாலைவனம் என்ற ஆசையோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, ‘வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்?’ என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூச்சு வாங்கிப் பாதியில் நிற்பவர்களைவிட, பாதம் கிழிந்து நிற்பவர்களும், வயிறு சாப்பாட்டை ஏற்காமல் நிற்பவர்களும், தண்ணீர்க் கணக்கும் உப்புக் கணக்கும் தப்பி நிற்பவர்களும்தான் அதிகம். இவை மூன்றையும் நம் ஊரில் இருந்தபடியே பழகிக்கொள்ள முடியும். இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

எந்த ஓட்டத்துக்குப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மொராக்கோவில் நடக்கும் மராத்தான் தே சாப்ல் 1986-இல் பாட்ரிக் பௌவேர் தொடங்கியது. சகாராவில் ஏறத்தாழ 250 கி.மீ.; பல நாட்களாகப் பிரித்து ஓட வேண்டும். தண்ணீரும் கூடாரமும் ஓட்டத்தை நடத்துகிறவர்கள் தருவார்கள். உணவு, படுக்கைப் பை, மருந்து எல்லாம் உங்கள் முதுகில். தண்ணீர் சேர்க்காமல் பையின் எடை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15 கிலோவைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் பேட்வாட்டர் வேறு ரகம். கடல் மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே, மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை மாதத்தில் தொடங்கி 217 கி.மீ. ஒரே மூச்சாகப் போக வேண்டும். அது தார்ச்சாலை, பின்னாலேயே உதவிக் குழு வண்டியில் வரும். ராஜஸ்தானில் ஜெய்சல்மர் பக்கம் டிசம்பரில் ஓடுவதாக இருந்தால் இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். அங்கே வெயிலுக்கு மட்டும் தயாராகிப் போனவர் நள்ளிரவில் நடுங்குவார். நான் இனிச் சொல்வது பெரும்பாலும் முதல் ரகத்துக்கு, பை சுமந்து பல நாள் ஓடும் ஓட்டத்துக்கு.

மணலிலிருந்து தொடங்குவோம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை நனைத்த ஈரமணலும் இருக்கிறது, அதற்கு மேலே கால் புதையும் காய்ந்த மணலும் இருக்கிறது. எல்லோரும் ஈரமணலில் ஓடுகிறோம். பாலைவனத்துக்கு வேண்டியது காய்ந்த மணல். கெட்டித் தரையில் ஓடுவதைவிட அதில் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். உந்தும்போது மணல் பின்னால் நழுவுகிறது. நீங்கள் கொடுத்த விசையில் ஒரு பங்கு மணலை நகர்த்தவே போய்விடுகிறது. குதிகால் ஆழமாக இறங்குவதால் கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுபடும். அதனால் முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடியவருக்கு மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகாலில் குத்தும். அந்தக் குத்தல் சில சமயம் மாதக்கணக்கில் போகாது.

ஈரமணலில் ஓடினாலும் ஒன்றைக் கவனியுங்கள். கரை கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். இடுப்பும் முழங்கால் வெளிப்பக்கமும் வலிக்கும். போன தூரம் அதே சரிவில் திரும்பி வாருங்கள். கோடையில் தென்பெண்ணை ஆற்றுப் படுகை காய்ந்து கிடக்கும்போது அங்கேயும் நல்ல மணல் கிடைக்கும். கரையோரச் சவுக்குத் தோப்புகளுக்குள் இருக்கும் மணல் மேடுகள் இன்னும் நல்லவை.

மேட்டில் ஏறும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், பாதம் முழுவதையும் பதியுங்கள், முன்னால் போனவரின் தடத்திலேயே மிதியுங்கள். பெரிய மணற்குன்றில் காற்று அடிக்கும் பக்கம் இறுகியிருக்கும். மறுபக்கம் முப்பது டிகிரிக்கு மேல் சரிந்து பொலபொலவென்று இருக்கும். அது இறங்குவதற்கான பக்கம். விடியற்காலையில் மணல் சற்று இறுக்கமாக இருக்கும், அப்போதே தூரத்தைத் தள்ளிவிடுங்கள்.

ஆனால் சகாரா முழுவதும் மணல் என்று நினைத்துவிடாதீர்கள். பாதையில் பெரும்பகுதி கல் பரவிய சமவெளி, வறண்ட ஏரிப்படுகை, பாறைக் குன்று. கடலூரில் அப்படிப் பெரிய பாறைக் குன்று இல்லை. மாதம் ஒரு முறையாவது செஞ்சிக் கோட்டைப் படிகளில் பையோடு ஏறி இறங்குங்கள்.

இப்போது வாரக் கணக்கு. வாரம் 50 கி.மீ. தொந்தரவில்லாமல் ஓடுகிறவருக்கு ஆறு மாதம் போதும். படிப்படியாக 80 வரை கொண்டுபோங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் குறையுங்கள். சனிக்கிழமை 30, மறுநாள் களைத்த காலோடு 20 என்று அடுத்தடுத்து ஓடுவதுதான் இதில் முக்கியமான பயிற்சி. பையை இரண்டு கிலோவில் தொடங்கி, கடைசி இரண்டு மாதத்தில் போட்டி எடைக்கு வாருங்கள். வாரம் இரு முறைக்கு மேல் சுமையோடு ஓட வேண்டாம். இன்னொன்று, யாரும் பழகாதது: நடை. நடுவரிசையில் வருகிற யாரும் பாதித் தூரமாவது நடந்துதான் போவார்கள். சுமையோடு மணிக்கு ஆறு கிலோமீட்டர் விடாமல் நடக்கத் தெரிந்தவர், ஓடி ஓடி நிற்பவரை மூன்றாம் நாள் முந்திப் போவார். வாரம் ஒரு நாளை நடைக்கே ஒதுக்குங்கள்.

அடுத்து வெயில். நம் ஊர் வெயிலும் பாலைவன வெயிலும் ஒன்றல்ல. இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சட்டை நனைகிறது, உடம்பு குளிரவில்லை. அங்கே வியர்வை வந்த மாத்திரத்தில் ஆவியாகிவிடும். தோல் உலர்ந்திருக்கும், சட்டையில் வெள்ளைக் கோடாக உப்பு படியும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீரைத் தள்ளிப்போடுவது கடற்கரை ஊர்க்காரர்கள் அங்கே செய்யும் முதல் தவறு. இருந்தாலும் இங்கே வெயிலில் ஓடி உடம்பு பெற்ற பழக்கம் பெரும்பாலும் அங்கேயும் கைகொடுக்கும். பத்து முதல் பதினான்கு நாள், தினமும் 60 முதல் 90 நிமிடம், மெதுவான வேகத்தில் பிற்பகலில் ஓடுங்கள். முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், நாடித்துடிப்பு இறங்கும். பிறகு வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் கரைந்துபோகும். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் செய்யுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். தலைசுற்றல், குமட்டல், வெயிலில் சிலிர்ப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு என்று ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்லக் கூடாது. நீங்களே அளங்கள். ஓடுவதற்கு முன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 64.0 கிலோ 63.1 ஆகி, இடையில் 400 மி.லி. குடித்திருந்தால், வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். அது முழுவதையும் ஈடுசெய்யத் தேவையில்லை. தாகத்தையும் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது, குடிக்காமல் இருப்பதைப் போலவே ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது ஆகியவை அறிகுறிகள். நீர் வற்றியவருக்கும் தலைவலியும் வாந்தியும் வரும். அதனால் அறிகுறியை மட்டும் பார்த்து ஒரு பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றிவிடாதீர்கள். எவ்வளவு குடித்தார், எடை கூடியிருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரிடம் ஒப்படையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும், உலக சுகாதார நிறுவன அளவின்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டருக்கு 1.7 கிராம் அளவுக்குச் சோடியம் தருகிறது. விலை குறைவு, எடையும் குறைவு. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது, மருத்துவரிடம் போங்கள்.

பாதத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். வெப்பத்திலும் பல நாள் ஓட்டத்திலும் பாதம் வீங்கும். ஷூ வழக்கத்தைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். பெரிதாக வாங்கியதில் இப்போதே கால் முன்னும் பின்னும் நழுவினால் அதுவே கொப்புளம் தரும், அப்போது இன்சோலை மாற்றிச் சரிசெய்யுங்கள். மெல்லிய மணல் வலைத்துணி வழியாகவே ஷூவுக்குள் நுழையும். அதனால் மணல் புகாமல் ஷூவுக்கு மேலே மாட்டும் உறையான கெய்ட்டரில், கணுக்காலில் மட்டும் கட்டும் சின்ன வகை போதாது. ஷூவின் முன்பக்கத்தையும் சேர்த்து மூடி, முழங்காலுக்குக் கீழே வரை வரும் பாராசூட் துணிக் கெய்ட்டர் வேண்டும். அது ஷூவைச் சுற்றிலும் வெல்க்ரோவில் ஒட்டி நிற்கும். வெல்க்ரோவைப் பசையில் மட்டும் ஒட்டினால் சூட்டில் பசை இளகி இரண்டாம் நாளே பிரியும். பசை போட்டு, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தைத்துவிடுங்கள். விரல் பக்கம் ஊசி உள்ளே இறங்கி முடிச்சு நின்றால் அதுவே விரலைத் தேய்க்கும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தைத்த ஷூவைக் கடற்கரைக் காய்ந்த மணலில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், கழற்றிக் கொட்டுங்கள். ஒரு சிட்டிகைக்கு மேல் மணல் விழுந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது.

வாசலைன் தடவிக்கொண்டு ஓடுவது சாலையில் சரி. இங்கே அதில் மணல் ஒட்டி உப்புத்தாள் போல அறுக்கும். பயிற்சியில் எங்கே சிவக்கிறதோ அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டுங்கள். தோலைத் துடைத்து, டேப் நன்றாகப் பிடிக்க உதவும் டிங்சர் பென்சாயின் என்ற பிசின் மருந்தைத் தடவி, அது பிசுபிசுக்கத் தொடங்கியதும் சுருக்கமில்லாமல் ஒட்டி, ஓரங்களை வட்டமாக வெட்டிவிடுங்கள். ஓடும்போது ஓர் இடம் சுடுவதுபோல் இருந்தால் அடுத்த சோதனைச் சாவடி வரை பொறுக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கொப்புளம் வந்துவிட்டால் பொவிடோன் அயோடின் தடவி, சுத்தமான ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை வெட்டி எடுக்கவே கூடாது. கீழே இருக்கும் பச்சைத் தோலுக்கு அதுதான் போர்வை. இரத்தம் கட்டிய கொப்புளத்தைக் குத்த வேண்டாம். டேப்பை உரிக்கும்போது கொப்புளத்தின் மேல்தோல் கூடவே வந்துவிடாமல் மெதுவாக எடுங்கள்.

பையில் மிகுந்த எடை உணவுதான். மராத்தான் தே சாப்ல் விதிப்படி நாளுக்குக் குறைந்தது 2000 கலோரி. கிராமுக்கு 4 கலோரி தரும் உணவானால் நாளுக்கு 500 கிராம், ஏழு நாளுக்கு மூன்றரை கிலோ. கிராமுக்கு 5 கலோரி ஆனால் 2.8 கிலோ. அந்த 700 கிராம் வித்தியாசத்தை முதல் நாள் மணலில் முதுகு சொல்லும். கடலை மிட்டாயும் வறுத்த நிலக்கடலையும் இதற்கு அருமையான உணவு. நிலக்கடலையில் 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல் உண்டு. பேரீச்சை சுவையானது, ஆனால் ஈரம் இருப்பதால் அதில் பாதிதான். சத்துமாவும் அவலும் வெந்நீர் இல்லாமலே ஊறிவிடும். மூன்றாம் நாளிலிருந்து இனிப்பைக் கண்டாலே பலருக்குக் குமட்டும். காராச்சேவு, உப்பு போட்ட கடலை என்று காரத்தையும் உப்பையும் பாதிக்குப் பாதி வையுங்கள். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அதை வெயிலில் ஓடியபடியே சாப்பிட்டுப் பழகுங்கள். எண்ணெய்ப் பண்டம் சூட்டில் சிக்கு வாடை அடிக்கும். நாள்வாரியாகக் காற்றுப் புகாமல் கட்டுங்கள்.

பெயர் கொடுப்பதற்கு முன்னால் இருதய மருத்துவரைப் பாருங்கள். மராத்தான் தே சாப்லுக்கு மருத்துவச் சான்றும் ஈ.சி.ஜி.யும் கட்டாயம், கேட்காத ஓட்டத்துக்கும் எடுங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் அதை அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் ஓடுகிறவர் உளறினால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஓடுகிறவருக்கு வியர்த்துக்கொண்டே வெப்பவாதம் வரும். நிழலில் கிடத்தி, பையையும் சட்டையையும் கழற்றி, கையில் இருக்கும் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். ஒருவர் அதைச் செய்துகொண்டிருக்க, இன்னொருவர் விசிலும் அவசரக் கருவியும் கொண்டு உதவி கூப்பிடட்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு போவது. இந்த வரிசை மாறினால் உயிர் போகும்.

ஷூவைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். வெல்க்ரோ எந்தக் கோட்டில் தைக்க வேண்டும் என்று சாக்கட்டியால் குறி போட்டுத் தருகிறேன்.