கொடை போய்ச் சேராத பள்ளிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்விக்குக் கொடுப்பதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாபாரத்தில் தருமத்துக்கென்று ஒரு பங்கை, அதாவது மகமையை, எடுத்துவைத்துக் கோயில் திருப்பணியும் பள்ளிக்கூடமும் நடத்திய ஊர்கள் இவை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த மனம் இன்றும் வற்றவில்லை. ஆனால் கொடை எந்தப் பள்ளியைத் தேடிப் போகிறது என்று பார்க்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

பேர்பெற்ற பள்ளிகளில் படித்தவர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது தாம் படித்த பள்ளிக்குக் கணினி வாங்கித் தருகிறார்கள், கழிப்பறை கட்டித் தருகிறார்கள். நல்ல காரியம்தான். கல்லல் பக்கமோ சாக்கோட்டைப் பக்கமோ உள்ளொடுங்கிக் கிடக்கும் நடுநிலைப் பள்ளிக்கு அப்படிக் கேட்டுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அங்கே படித்தவர்கள் கொத்து வேலைக்கும் கடைச் சிப்பந்தி வேலைக்கும் போனவர்கள். வசதி ஏற்கெனவே இருக்கும் பள்ளிக்கே மேலும் மேலும் சேர்கிறது.

அரசு தரும் பாடநூலும் சீருடையும் பஸ் பாஸும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். 2022 முதல் காலை உணவும் வந்திருக்கிறது. இவை பெரிய காரியங்கள். ஆனாலும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே அளவு கொடுத்தால் இடைவெளி அப்படியேதான் நிற்கும்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஏழைப் பிள்ளைகளுக்கென்றே வந்த திட்டம். ஆனால் ஒரு வீட்டைப் பாருங்கள். அப்பா வெளிநாட்டில், அம்மா வேலைக்கு. பிள்ளை அப்பத்தாவிடம் வளர்கிறது. இந்தத் தேர்வுக்கு வேண்டிய வருமானச் சான்று வாங்க அப்பத்தா இ-சேவை மையத்துக்குப் போகிறார். விண்ணப்பத்துக்கு வரும் சரிபார்ப்பு எண் (ஓ.டி.பி.) எங்கே போகிறது தெரியுமா? துபாயில் பாரம் தூக்கிக்கொண்டிருக்கும் மகனின் கைபேசிக்கு. அவர் கூப்பிட்டுச் சொல்வதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடுகிறது. அப்பத்தா திரும்பி வந்துவிடுகிறார். பிள்ளையின் அறிவில் என்ன குறை?

தேர்வுக்கான சிறப்பு வகுப்பு மாலையில் நடக்கிறது. பக்கத்துத் தெருப் பிள்ளை உட்கார்ந்து படிக்கிறது. டவுன் பஸ்ஸை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது என்ற ஊரிலிருந்து வரும் பெண்பிள்ளை, கணக்கு பாதியில் இருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பஸ் பாஸ் அவள் கையில் இருக்கிறது. அவளுக்கு ஏற்ற நேரத்தில் பஸ் இல்லை.

ஆகவே கொடுக்கும் கைகளிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் படித்த பள்ளிக்குக் கொடுங்கள். கூடவே, பழைய மாணவர் சங்கமே இல்லாத ஒரு சிற்றூர்ப் பள்ளியையும் தேடிப் பிடியுங்கள். சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு போக ஒரு வேன் வாடகை, விண்ணப்பம் நிரப்பித்தர மாதம் இரண்டு நாள் ஒரு பட்டதாரி. இவை பெரிய செலவல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு நீங்கள்தான், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். வரும் கூட்டத்தில் பஸ் நேரத்தை மாற்றக் கேட்டுத் தீர்மானம் எழுதுங்கள். அக்டோபர் 2 கிராம சபையிலும் அதையே வையுங்கள். நகலைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.