மூன்று மாவட்டம், ஒரே ஆறு

நேயர்களுக்கு வணக்கம். நாட்டின் பொருளாதாரத் திட்டங்களுக்குப் புவியியல் ஆராய்ச்சி எப்படி உதவும் என்று பேசக் கேட்டார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பிடி மண்.

இலங்கையின் வடக்கே, வன்னியின் மேட்டுக்காணிகளில் உள்ள செங்கபில மண்ணைச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் மண்வெட்டி போட்டால் செங்கல்லில் போட்டதுபோல் கை அதிரும். மாரியில் அதே மண் களியாகிக் கலப்பையில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, முதல் மழைக்குப் பிறகு, கொஞ்ச நாள்தான் உழவுக்குப் பதம். விதையும் கடனும் அதற்கு முன்னரே கமக்காரரின் கைக்கு வந்தாக வேண்டும். கார்த்திகைக் கடைசியில் வந்து சேரும் மானியத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

மழை, மண், நில உயரம் எல்லாவற்றையும் பார்த்து 1975இல் இலங்கையை 24 விவசாயச் சூழல் பிரிவுகளாக வகுத்தார்கள். 2003இல் அவை 46 ஆயின. அவ்வளவு நுணுக்கமான வரைபடம் கையில் இருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் அதை மேசையில் விரித்து வைத்துப் பேச வேண்டும்.

நிலத்துக்குக் கீழேயும் வேறுபாடுதான். வவுனியாவில் கிணறு வெட்டினால் கருங்கல் தட்டும். உக்கிய கல்லிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கியதுதான் தண்ணீர். மன்னார், பூநகரிக் கரையோரம் சுண்ணக்கல். அங்கே அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். இரண்டு இடத்துக்கும் ஒரே குழாய்க்கிணற்றுத் திட்டம் சரிவராது.

அப்புறம் ஆறு. கனகராயன் ஆறு வவுனியா வடக்கில் பிறந்து, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகிறது. மேலே காடு வெட்டினால் கீழே குளம் தூரும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் வெள்ளம் புகுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். அது குளத்தில் விழுந்த மழை மட்டுமா? மேலேயுள்ள படுகை முழுவதும் வடிந்துவந்த நீர் அல்லவா? ஆனால் திட்டக் கோவைகள் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகின்றன. ஆற்றுப்படுகை வாரியாகத் திட்டமிட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

அதற்கு முதற்படியாக, கனகராயன்குளத்திலிருந்து இரணைமடு வரை ஆற்றோரப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வைக்கலாம். தினமும் காலை 8.30க்கு மாணவர்களே அளந்து எழுதி, குளத்துப் பொறியியலாளருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். பெரிய செலவில்லை. வருகிற ஒக்டோபரில், மாரி தொடங்கும்போதே ஆரம்பிக்கலாம்.