எல்.பி.டபிள்யூ: மைதானத்திலும் பிரசவ வார்டிலும்

(பெற்றோருக்கும் செவிலியர் மாணவிகளுக்குமான கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாக்கள், அப்பாக்கள், பாட்டிமார், செவிலியர் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

எடை குறைந்து பிறந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாள் கொடுப்போம். அதில் 'எல்.பி.டபிள்யூ.' என்று மூன்றெழுத்து இருக்கும். நம் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பழகின எழுத்து. தெருவில் ரப்பர் பந்தில் ஆடுபவர்கள்கூட "எல்.பி. கிடையாது" என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டுதான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அதனால் தாளைப் பார்க்கிற தகப்பனுக்குச் சட்டென்று தோன்றுவது 'அவுட்'. தாளில் இருப்பது லோ பர்த் வெயிட், அதாவது பிறப்பு எடைக் குறைவு என்று விளக்கிச் சொன்ன பிறகும் அந்தப் பயம் லேசில் போவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் கிரிக்கெட். அங்கே எல்.பி.டபிள்யூ. என்றால் லெக் பிஃபோர் விக்கெட், அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் கால் மறித்தால் அவுட். ஆட்ட விதிகளில் அது 36-வது. போல்டு, கேட்ச், ரன் அவுட் எல்லாம் கண்ணெதிரே நடந்து முடிந்தவை. இதில் மட்டும் நடக்காத ஒன்றை நடுவர் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கால் குறுக்கே இல்லாமல் இருந்திருந்தால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்து என்றால் அவுட் இல்லை. மட்டையில் முதலில் பட்டிருந்தாலும் இல்லை. இவ்வளவையும் ஒரு நொடியில் யோசித்து விரலைத் தூக்கவேண்டும். 2008-ல் இந்திய அணி இலங்கைக்குப் போன டெஸ்ட் தொடரில்தான், நடுவர் தீர்ப்பை வீடியோவில் திரும்பப் பார்க்கும் மறுபரிசீலனை முறையை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும் இந்தக் காலத்திலும், நூலிழை வித்தியாசம் என்றால் 'அம்பயர்ஸ் கால்' என்று நடுவரிடமே விட்டுவிடுகிறார்கள்.

இந்த விதியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 1774-ல் இதை முதலில் எழுதியபோது, பந்தைத் தடுக்கவேண்டும் என்று வேண்டுமென்றே காலை வைத்தால்தான் அவுட். 1788-ல் திருத்தி எழுதியபோது அந்த 'வேண்டுமென்றே' போய்விட்டது. தடுக்கவேண்டும் என்றே காலை வைத்தானா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பந்து எங்கே போயிருக்கும் என்பதுதான் முக்கியமான கேள்வி.

பிரசவ வார்டில் நாம் இன்னும் அந்த 1774-லேயே நிற்கிறோம். எடை குறைந்த பிள்ளை பிறந்ததும் உறவுக்காரர்கள் தாயைத்தான் பார்க்கிறார்கள். "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா?" தையல் வலியோடு படுத்திருப்பவளிடம் இதைக் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. ரத்தசோகை, கர்ப்பகாலத்து ரத்த அழுத்தம், சரியாக வேலை செய்யாத நஞ்சுக்கொடி, தொற்று, இரட்டைப்பிள்ளை, இடைவெளி இல்லாத அடுத்தடுத்த கர்ப்பம், வீட்டில் மற்றவர்கள் விடும் புகை, இப்படிக் காரணம் எத்தனையோ இருக்கலாம். இதில் எதையும் அவள் வேண்டுமென்று செய்யவில்லை. சாப்பாடு போதவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அது அந்த வீடு முழுவதையும் கேட்கவேண்டிய கேள்வி.

சரி, எடை குறைவு என்றால் எவ்வளவு? பிறந்தபோது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எல்.பி.டபிள்யூ. 1,500-க்குக் கீழே மிகக் குறைவு, 1,000-க்குக் கீழே மிக மிகக் குறைவு. 2020-ல் உலகத்தில் பிறந்த பிள்ளைகளில் ஏழில் ஒன்று, அதாவது சுமார் 1 கோடியே 98 லட்சம் பிள்ளைகள் இந்தக் கோட்டுக்குக் கீழே. நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை தெரிந்த பிள்ளைகளில் சுமார் 18 சதவீதம். உங்கள் பிள்ளை தனியாள் இல்லை.

இந்த 2,500 கோடு மனிதர்கள் போட்டது. 1948-ல் உலக சுகாதாரப் பேரவை இந்த எடையை வைத்துத்தான் 'குறைமாதம்' என்றே வரையறுத்தது. எடை குறைவு என்றாலே மாதம் நிறையாத பிள்ளை என்று கணக்கு. அது தப்பு என்று புரிந்து 1961-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் பிரித்தது. அப்படித்தான் 'பிறப்பு எடைக் குறைவு' என்ற பெயர் நிலைத்தது.

ஏன் பிரிக்கவேண்டும்? பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பிள்ளைகள், இரண்டும் 2,100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 34 வாரத்தில் பிறந்தது. தோல் மெல்லிசாகச் சிவந்திருக்கும், தோளில் பூனைமுடி. காது மடலை மடக்கினால் மெதுவாகத்தான் நிமிரும். உள்ளங்காலில் ரேகை கொஞ்சம்தான். மார்பில் போட்டால் நாலு முறை சப்பிவிட்டுத் தூங்கிவிடும். அடுத்தது 39 வாரம் நிறைந்தது. தோல் காய்ந்து உரிந்திருக்கும், தொடையில் சதை இல்லாமல் மடிப்பு தொங்கும். ஆனால் கண்ணை அகல விரித்து உங்களையே பார்க்கும், பசியோடு இழுத்துக் குடிக்கும். முதல் பிள்ளை வளரவேண்டிய அளவு வளர்ந்து, முன்கூட்டியே வந்துவிட்டது. இரண்டாவது, உள்ளேயே பட்டினி கிடந்து வந்திருக்கிறது. அதற்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதால் அடிக்கடி பார்ப்போம். எடை ஒன்றுதான், கவனிப்பு வேறு. அதனால் தாளைக் கையில் வாங்கியதும் "எத்தனை வாரத்துப் பிள்ளை?" என்று கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு பேருக்கும் பொதுவான எதிரி குளிர். கொழுப்பு குறைவு, உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். பிறந்த உடனே குளிப்பாட்டுவது வேண்டவே வேண்டாம். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல், ஒரே பெட்டியில் பல பிள்ளைகளைப் படுக்கவைத்துத் தொற்று பரவிக்கொண்டிருந்தது. அங்கே எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைக்கச் சொன்னார். அதுதான் கங்காரு முறை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1.8 கிலோவுக்குக் கீழான பிள்ளைகளுக்கு, உடல்நிலை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாளில் இறப்பு கால்வாசி குறைந்தது.

செய்முறை எளிது. பிள்ளைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். உங்கள் மார்புகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு தெரிகிற மாதிரி ஒரு துணியால் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது இருக்கட்டும். இருபது மணி நேரம் முடிந்தால் இன்னும் நல்லது. அம்மா குளிக்கப்போகும் நேரத்துக்கு அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். பாட்டியும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பால். 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குச் சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒரு தாளத்தில் சேராது. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுப்போம். நம் பாட்டிமார் சங்கு என்று சொல்கிற அந்தச் சின்னப் பாத்திரம் இன்று 'பாலாடை' என்ற பெயரோடே ஆங்கில மருத்துவக் கட்டுரைகளில் ஏறியிருக்கிறது. நன்றாகக் கொதிக்கவைத்த பாலாடை போதும், பாட்டில் வேண்டாம். பாலாடையின் மூக்கைப் பிள்ளையின் வாயோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்தது. அழும்போது ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளை 2,000 கிராமுக்குக் கீழோ, 34 வாரத்துக்கு முன்போ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் கண்ணின் விழித்திரையைப் பார்க்கவேண்டும். 1,200 கிராமுக்குக் கீழ் அல்லது 28 வாரத்துக்கு முன் என்றால் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும், பிள்ளையும் பால் குடித்துக்கொண்டுதான் இருக்கும். "நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போட்டுவிடுவார்கள். உள்ளே ரத்தக்குழாய் தாறுமாறாக வளர்ந்திருந்தால் லேசர் வைத்துப் பார்வையைக் காப்பாற்ற முடிவது சில நாட்களுக்குள்தான். உங்கள் தாளில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். எழுதியில்லை என்றால் நாளைக் காலையிலேயே பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள்.