நெப்ராஸ்காவில் மான் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசப் போகிறேன். ஒமாஹாவுக்கு வடக்கே, மிசூரி ஆற்றை ஒட்டியுள்ள டிசோட்டோ வனவிலங்குப் புகலிடத்தில் காரை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்டோபர் கடைசி வாரம், மணி 5.50. இன்னும் நாற்பது நிமிடத்தில் சூரியன் இறங்கிவிடும். எதிரே இடுப்பளவு புல், அதற்குப் பின்னால் காட்டன்வுட் மரங்கள்.

இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. புல்வெளி மாநிலம்தானே, பரந்த வெளியில் மந்தையாக மேயும் என்று நினைத்துக்கொண்டு, சாண்ட்ஹில்ஸ் மணல்மேடுகளில் நடுப்பகலில் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டினேன். மாடுகளைத்தான் பார்த்தேன்.

மானைத் தேட வேண்டிய இடம் ஓரம். மரமும் வயலும் சேரும் ஓரம், ஓடைக்கரை, இரண்டு வயல்களுக்கு நடுவே காற்றுத் தடுப்புக்காக வைத்த மரவரிசை. மான் அசைபோடும் விலங்கு. வெளியில் வந்து அவசரமாக வயிற்றை நிரப்பிக்கொள்ளும், பிறகு மறைவில் போய்ப் படுத்து நிதானமாக அசைபோடும். மறைவிலிருந்து தீனிக்கும், தீனியிலிருந்து மறைவுக்கும் அது நடக்கும் வேளைதான் நமக்கு வேண்டும். சூரியன் உதிக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், மறையும்போதும் அதேபோல. எனக்கு மாலைதான் பிடிக்கும், ஏனென்றால் மான் வருவதற்கு முன்பே நாம் போய் அமைதியாக உட்கார்ந்துவிடலாம்.

காரைவிட்டு இறங்காதீர்கள். நிற்கும் காரை மான் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கதவு திறந்து ஒரு ஆள் நின்றால் அவ்வளவுதான், போய்விடும். நடந்துதான் போக வேண்டும் என்றால் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி போங்கள். முதுகுப் பக்கமிருந்து காற்று வந்தால் உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும்.

ஒரு நிமிடம். வலது பக்கம், மரங்களுக்குக் கீழே பாருங்கள். ஒரு காது அசைகிறது. முழு உருவத்தைத் தேடினால் தெரியாது. காது, மூக்கு, புல்லுக்குமேல் படுக்கையாக ஒரு முதுகுக்கோடு, இப்படித் துண்டுதுண்டாகத்தான் முதலில் தெரியும். பெண் மான். பின்னால் இரண்டு குட்டிகள். கோடையில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் இப்போது இல்லை. நம் ஊர்ப் புள்ளிமானுக்கு அது ஆயுசுக்கும் இருக்கும், இவற்றுக்குக் குட்டிப்பருவத்தோடு சரி. வால் வெள்ளையாகத் தூக்கி நிற்கிறதா? இல்லை. அப்படியென்றால் பயப்படவில்லை.

இது வெண்வால் மான், இந்த மாநிலத்தின் விலங்கு. மேற்கே போகப் போக மியூல் டீர் அதிகமாகும். கோவேறு கழுதை மாதிரி பெரிய காது, மெல்லிய வால், நுனி கறுப்பு. ஓடும்போது நான்கு காலும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக இறங்கும். கொஞ்ச தூரம் போனதும் நின்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அதற்கு உண்டு, படம் எடுப்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். அதைப் பார்க்க ஒரு நீண்ட வார இறுதி கிடைத்தால், வடமேற்கு மூலையில் பைன் ரிட்ஜ் பகுதிக்கு, ஃபோர்ட் ராபின்சன் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். அவ்வளவு தூரம் முடியாது என்றால் ஹால்சி. மணல்மேடுகளுக்கு நடுவே மனிதர்கள் கையால் நட்டு வளர்த்த காடு அது. ஒரு காலத்தில் வேட்டையால் இந்த மாநிலத்தில் மான் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, 1907ல் வேட்டைக்குத் தடை போட்டார்கள். பிறகு 1945ல் மறுபடி அனுமதித்தபோது, அந்த ஹால்சிக் காட்டில்தான் தொடங்கினார்கள். அங்கே நிற்கும்போது அந்த மரங்களை நட்டவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

எந்த மாதம் என்றால், நான் சொல்வது அக்டோபர், நவம்பர். மக்காச்சோளம் அறுத்தபின் மறைவு குறையும், வயலில் சிந்திய தானியம் இழுக்கும். நவம்பர் நடுவில் இணைசேரும் காலம் உச்சத்துக்கு வரும், அப்போது பெரிய கொம்பு வைத்த கிடாக்கள் பகலிலேயே அலையும். ஆனால் துப்பாக்கி வேட்டை நாட்களும் அப்போதுதான். பொது நிலத்தில் நடந்தால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். இங்கே நிலம் பெரும்பாலும் தனியாருடையது, அனுமதி இல்லாமல் வயலுக்குள் கால் வைக்காதீர்கள்.

ஜூன் மாதத்தில் புல்லுக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கும் குட்டியைக் கண்டால், தயவுசெய்து தூக்காதீர்கள். அது அநாதை இல்லை. தாய்தான் படுக்க வைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும். இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் தாயிடமிருந்து பிரித்ததாகிவிடும்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறோம் இல்லையா, அதற்கப்புறம் நாம் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் மான் சாலையைக் கடக்கும் நேரமும் ஒன்றாகிவிடும். போன வருடம் அப்படித்தான் என் காரின் முன்பக்கம் நொறுங்கியது, அந்த மானும் பிழைக்கவில்லை. முதலில் கடந்த மானைப் பார்த்து வேகத்தைக் குறைத்தேன், அது போனதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். பின்னால் வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மான் கடந்தால் அடுத்ததற்காக நில்லுங்கள்.

மணி 6.45. சூரியன் மறைந்து அரை மணிக்குள் இந்தப் புகலிடத்திலிருந்து வெளியேற வேண்டும். தாய் சாலையைக் கடந்துவிட்டது. ஒரு குட்டியும் போய்விட்டது. இன்னொன்று இந்தப் பக்கமே நிற்கிறது. விளக்கைப் போடாமல் கொஞ்சம் பொறுக்கிறேன்.