லினக்ஸிலை இமோஜி பெட்டியாத் தெரியுதோ? ஃபொன்ட் வரிசையைப் பாருங்கோ

வணக்கம் எல்லாருக்கும். பழைய டெஸ்க்டொப்பிலை லுபுண்டு, டெபியன் மாதிரிப் பாரமில்லாத சிஸ்டம் போட்டு வைச்சிருக்கிற ஆக்கள் இஞ்சை யாழ்ப்பாணத்திலை கனபேர். அவைக்குத் தமிழ் வடிவாத் தெரியும், ஆனா இமோஜி வந்த இடத்திலை வெறும் பெட்டி நிக்கும். இல்லாட்டிக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம் வரும். உது ரெண்டும் வேற வேற பிழை, மருந்தும் வேற.

பெட்டி எண்டா, அந்த எழுத்து உள்ள ஃபொன்ட் ஒண்டும் உங்கடை மிசினிலை இல்லை. ரேர்மினலைத் திறவுங்கோ. சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் எண்டு அடிச்சு, பொதியின்ரை பேர் ஃபொன்ட்ஸ், நோட்டோ, கலர், இமோஜி, நாலுக்கும் இடையிலை ஹைஃபன். கூடவே ஃபொன்ட்ஸ் நோட்டோ கோர் எண்ட பொதியையும், அதே மாதிரி ஹைஃபனோடை, போடுங்கோ. நோட்டோ சான்ஸ், நோட்டோ சான்ஸ் தமிழ் எண்ட ஃபொன்டுகள் அதுக்குள்ளைதான் கிடக்கு. பேந்து ஃபொன்ட் பட்டியலைப் புதுப்பிக்கிற எஃப்சி கேஷ் கட்டளையை (எஃப்சி எண்டு தொடங்கிற கட்டளையள் எல்லாத்திலையும் எஃப்சிக்குப் பிறகு ஹைஃபன்) ஒருக்கா ஓட விட்டு, திறந்து கிடக்கிற புரோகிராம் எல்லாத்தையும் மூடித் திறவுங்கோ. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் பழைய பட்டியலையே வைச்சிருக்கும்.

ஃபயர்பொக்ஸிலை மட்டும் கலரா வருது, மற்ற இடத்திலை வரேல்லை எண்டா குழம்பாதேங்கோ. ஃபயர்பொக்ஸ் தன்ரை இமோஜி ஃபொன்டைத் தன்னோடையே கொண்டு வருது. அதை வைச்சுச் சிஸ்டம் சரி எண்டு முடிவெடுக்கக் கூடாது.

இப்ப கறுப்பு வெள்ளைக்கு வாறன். கனபேர் மாட்டுப்படுறது இதிலைதான். கலர் ஃபொன்ட் இருக்குது, ஆனா அதுக்கு முன்னுக்கு வேறொரு ஃபொன்ட் நிக்குது. அனேகமா டெஜாவூ சான்ஸ், இல்லாட்டி சிம்போலா. அதுகளுக்குள்ளையும் சிரிக்கிற முகம் இருக்கு, கலர் இல்லாமல். எந்த எழுத்துக்கு எந்த ஃபொன்ட் எண்டு தெரிவு செய்யிற ஃபொன்ட்கொன்ஃபிக், பட்டியலிலை மேலை இருந்து தேடிக்கொண்டு வந்து முதல் கிடைச்சதைப் பிடிச்சிடும். ஆர் குறுக்கை நிக்கினம் எண்டு பாக்க எஃப்சி லிஸ்ட் அடிச்சு, மேற்கோளுக்குள்ளை முக்காற்புள்ளி, சார்செட், சமன், 1எஃப்600 எண்டு குடுங்கோ. 1எஃப்600 எண்டது பல்லுத் தெரியச் சிரிக்கிற முகத்தின்ரை யூனிகோட் இலக்கம். அது உள்ள ஃபொன்ட் எல்லாம் வரிசையா வரும். சிம்போலா தேவையில்லை எண்டாக் கழட்டி விடுங்கோ. டெஜாவூவைக் கழட்ட வேண்டாம், வரிசையை மாத்தினாக் காணும்.

வீட்டு ஃபோல்டரிலை டொட் கொன்ஃபிக், அதுக்குள்ளை ஃபொன்ட்கொன்ஃபிக், அதுக்குள்ளை ஃபொன்ட்ஸ் டொட் கொன்ஃப் எண்டு ஒரு ஃபைல் வைக்கவேணும். அதிலை ஏலியஸ் பகுதி ஒண்டு, ஃபமிலி சான்ஸ் செரிஃப், கீழை பிரிஃபர். பிரிஃபருக்குள்ளை மூண்டு பேர், இந்த ஒழுங்கிலைதான்: நோட்டோ சான்ஸ், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ கலர் இமோஜி. செரிஃபுக்கும் மொனோஸ்பேஸுக்கும் இதே மாதிரி, முதல் பேர் மட்டும் நீங்கள் பாவிக்கிற ஃபொன்ட்.

இமோஜியை முதலிலை போட்டா என்ன நடக்கும்? உங்கடை ரெலிபோன் நம்பர், விலை, திகதி எல்லாம் அகலமாப் பிரிஞ்சு போய் நிக்கும். ஏனெண்டா பூச்சியத்திலை இருந்து ஒன்பது வரைக்கும், ஹாஷ், நட்சத்திரக் குறி எல்லாம் அந்த இமோஜி ஃபொன்டுக்குள்ளையும் இருக்குது. சதுரத்துக்குள்ளை இலக்கம் போட்ட இமோஜிகளுக்கு அதுகள் வேணும். முதல் வரியிலை இருக்கிற ஃபொன்ட் மிசினிலை இல்லாட்டியும் இதே கோலம் வரலாம். நோட்டோ கோரையும் போடச் சொன்னது அதுக்காகத்தான். முடிய, எஃப்சி மாட்ச் இமோஜி எண்டு அடிச்சுப் பாருங்கோ, விடையிலை நோட்டோ கலர் இமோஜி வரவேணும்.

சில சின்னப் புரோகிராம்கள், எஸ்டி ரேர்மினல், டீமெனு மாதிரி, கலர் இமோஜி வந்த உடனை விழுந்து போகும். அது, அதுகள் எழுத்துக் காட்டப் பாவிக்கிற எக்ஸ்எஃப்டி லைப்ரரியின்ரை பழைய பிழை, 2022இலை வந்த 2.3.5 பதிப்பிலை திருத்தியாச்சு. கிராஃபிக்ஸ் இல்லாத கறுப்புக் கொன்சோலிலை கலர் இமோஜிக்கு வழியில்லை. அதிலை ஏத்தக்கூடியது கூடினது 512 எழுத்து வடிவம்.

இமோஜி ரைப் பண்ண, கேடிஈ டெஸ்க்டொப் எண்டாச் சூப்பர் கீயும் (விண்டோஸ் படம் போட்ட கீ) புள்ளியும். ஜிரிகே புரோகிராம்களிலை கொன்ட்ரோல், ஷிஃப்ட், யூ அடிச்சு, 1எஃப்600 குடுத்து என்ரர்.

குடும்பப் படம் நாலு தனி முகமாப் பிரிஞ்சு வந்தா ரெண்டு காரணம். ஒண்டு, ஃபொன்ட் பழசு. மற்றது, முகங்களை ஒட்டி வைக்கிற இணைப்பி எண்ட எழுத்து இடையிலை காணாமல் போட்டுது. அப்பா, அம்மா, மகள், மகன் உள்ள படத்திலை நாலு முகமும் மூண்டு இணைப்பியும், மொத்தம் ஏழு குறியீடு. அந்த இணைப்பியின்ரை யூனிகோட் இலக்கம் 200டி, கண்ணுக்குத் தெரியாது. சிங்களத்திலை ஸ்ரீ எழுதவும் இதே 200டிதான் வேணும். வெப்சைட் செய்யிற பிள்ளையள் கவனியுங்கோ: தெரியாத எழுத்தெல்லாம் துடைக்கிறன் எண்டு இதை அழிச்சா, இமோஜியும் உடையும், ஸ்ரீ லங்காவும் உடையும்.

வெப்சைட் எண்டு வந்தாப்போலை, அதின்ரை தரவுகளைச் சேமிக்கிற மைஎஸ்கியூஎல். அதிலை யூரிஎஃப்8 எண்ட பழைய சார்செட் (எழுத்தைச் சேமிக்கிற முறை) ஒரு எழுத்துக்கு மூண்டு பைட் மட்டும்தான் எடுக்கும். தமிழ் எழுத்து மூண்டு பைட், அதாலை வருசக்கணக்காப் பிழையில்லாமல் ஓடும். இமோஜிக்கு நாலு பைட், ஒராள் ஒரு சிரிப்பைப் போட்ட உடனை 1366 எண்ட பிழை வரும். ரேபிளை யூரிஎஃப்8எம்பி4 க்கு மாத்துங்கோ, கனெக்ஷனின்ரை சார்செட்டையும் மாத்துங்கோ. ரேபிளை மட்டும் மாத்திப்போட்டு விட்டா இமோஜி கேள்விக்குறியாப் போய் விழும். பழைய பதிப்பெண்டா இன்டெக்ஸுக்கு 767 பைட்தான் எல்லை: 255 எழுத்து மூண்டு பைட்டிலை 765, நாலு பைட்டிலை 1020, அதாலை இன்டெக்ஸ் போட்ட கொலத்தை 191 எழுத்துக்குக் குறைக்கவேணும்.

சரி வராட்டிக் கீழை எழுதுங்கோ. எந்த டிஸ்ட்ரோ (லுபுண்டு, டெபியன் மாதிரி), எந்தப் பதிப்பு, எஃப்சி மாட்ச் குடுத்த விடை, மூண்டையும் போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.