கிட்னி கொடுக்கப் போகிறவருக்கு பிரஷர் இருந்தால்

வணக்கம். கிட்னி பழுதான பிள்ளைக்கோ சகோதரத்துக்கோ தன்னுடைய ஒன்றைத் தருகிறேன் என்று முன்வருகிறவர்களில் சிலர் தங்களுக்கு பிரஷர் இருப்பதை மறைக்கிறார்கள். சொன்னால் டொக்டர் மறித்துப்போடுவார், பிறகு பிள்ளையின் கதி என்ன என்ற பயம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தயவுசெய்து மறைக்காதீர்கள்.

முதலில் ஒன்று. பிரஷர் இருந்தாலே கொடுக்க முடியாது என்பது சரியில்லை. 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டல், ஒன்று அல்லது இரண்டு வகை மருந்தோடு பிரஷர் 140க்கு 90 என்பதற்குக் கீழே நின்று, அதனால் உறுப்புகள் எதுவும் பாதிக்கப்படாமலும் இருந்தால் அவரை ஏற்கலாம் என்கிறது. சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா, இதயச் சுவர் தடித்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது அதற்காகத்தான். டொக்டரைக் கண்டாலே பிரஷர் ஏறுகிற ஆட்களும் உண்டு, அவர்களுக்கு 24 மணிநேரமும் கையில் கட்டி அளக்கிற கருவி இருக்கிறது. ஆனபடியால் சோதனைக்குப் போகிற அன்று காலையில் வழமையைவிட ஒரு குளிசையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு போகிற வேலை வேண்டாம், அதனால் ஏமாறப்போவது உங்கள் உடம்புதான்.

ஏன் இவ்வளவு கவனம்? ஒரு கிட்னியை எடுத்ததும் மற்றது கொஞ்சம் பெருத்து, கூடுதலாக வடிகட்டத் தொடங்கும், முன்பு இரண்டும் செய்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது ஒன்றே செய்யும். சுகதேகிக்கு அது போதும். ஆனால் உப்பையும் நீரையும் அளவாக வைத்து பிரஷரைக் காப்பதும் கிட்னிதான், பிரஷர் ஏறினால் முதலில் அடிபடுகிறவற்றில் ஒன்றும் கிட்னிதான். மிஞ்சியிருக்கிற ஒன்றுக்கு இரண்டு பக்கத்தாலும் சுமை.

அமெரிக்காவில் 50 வயதுக்கு மேல் கிட்னி கொடுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்பே பிரஷர் இருந்தவர்களில் 15 வருடத்துக்குள் கிட்னி முற்றாகச் செயலிழந்தது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 8 பேருக்கு. பிரஷர் இல்லாதவர்களில் 2 பேருக்கு. சிறிய எண்தான், நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் சோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள், மறைத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதோடு 60 வயது அம்மாவும் 30 வயது தம்பியும் ஒன்றல்ல. இந்த வயதிலேயே பிரஷர் வந்துவிட்ட தம்பி, ஒற்றைக் கிட்னியோடு இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் வாழவேண்டும். அண்ணனுக்கு வந்த வருத்தம் பரம்பரையானதென்றால் அது தம்பிக்கும் வரலாம். பிள்ளை பெறவிருக்கிற தங்கச்சி கொடுப்பதென்றால் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். கனடாவில் 2015இல் வந்த ஆய்வில், கிட்னி கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் நூற்றுக்கு 11இல் கர்ப்பகால பிரஷரோ அதன் கடுமையான வடிவமோ வந்திருந்தது, கொடுக்காதவர்களில் 5. எனக்கென்றால் இளம் வயதில் பிரஷர் இருக்கிற ஒருவரை வீட்டார் கூடியிருந்து நெருக்குவதில் துளியும் சம்மதமில்லை. வேண்டாம் என்று மனதில் பட்டால் டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

சரி, கொடுத்தாயிற்று. பிறகு எல்லோருடைய கண்ணும் கிட்னி வாங்கியவர் மேல்தான் இருக்கும், கொடுத்த அம்மா காயம் ஆறியதும் அடுப்படிக்குப் போய்விடுவா. எனக்குப் பெரிய கவலை இதுதான். பிரஷர் குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. வருடத்துக்கு ஒருதரமாவது பிரஷர், இரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்றுகிற கழிவு), சலத்தில் அல்புமின் மூன்றையும் பார்க்கவேண்டும், பிரஷர் ஏற்கெனவே இருக்கிறவர்கள் இன்னும் அடிக்கடி. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டில், கருவாடும் ஊறுகாயும் மோர் மிளகாயும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். முழங்கால் நோகிறதென்று பாமசியில் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடாதீர்கள், அவை கிட்னியையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். அளவோடு பரசிற்றமோல் போடலாம். வேறு எந்த டொக்டரிடம் போனாலும், எனக்கு ஒரு கிட்னிதான் இருக்கிறது என்று மருந்து எழுத முன்பே சொல்லிவிடுங்கள்.